ஓடைக்காவல்

ரேணுகாம்பாள் ஈச்சந்தாங்கல் பஞ்சாயத்துத் தலைவியான பிறகு எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருந்தாள். எதிலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"முடியாதுங்க" என்றாள்.

ஒன்றிய அலுவலகத்தின் நீள மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் திருவண்ணாமலை நகராட்சியிலிருந்து வந்தவர்கள். எதிர்ப் பக்கம் ஓடையோரத்து மூன்று ஊர்த் தலைவர்கள். எண்பத்தாறாம் வருஷத் தேர்தலில் புதிதாக ஜெயித்து வந்தவர்கள் என்பதால் ஒருவரை ஒருவர் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளாத கூட்டம்.

பேச்சு கல்லேரியைப் பற்றியது. நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் கல்லேரியிலிருந்து போகிறது. கல்லேரிக்குத் தண்ணீர் மேற்கே காட்டிலிருந்து இறங்கும் ஓடையில் வருகிறது. அந்த ஓடையில் யார் எதைக் கலக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளக் காவலாட்களைப் போட வேண்டும், மாதாமாதம் தண்ணீரை எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும், அந்தச் செலவை நகராட்சியும் ஒன்றியமும் மூன்று ஊர்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நகராட்சிப் பொறியாளர் சகாதேவன் இதை நிதானமாகத்தான் விளக்கியிருந்தார்.

"ஏம்மா முடியாது? உங்க ஊர்ப் பங்கு ரொம்பக் கம்மி" என்றார் அவர்.

"கம்மியோ ஜாஸ்தியோ, நாங்க எதுக்குங்க குடுக்கணும்? எங்க ஊர்ல கெணத்துத் தண்ணி குடிக்கிறோம். ஓடையில மாடு கழுவாதன்றீங்க, துணி தொவைக்காதன்றீங்க, மணல் வாராதன்றீங்க. எல்லாத்தையும் கேட்டுக்கறோம். தண்ணி உங்க குழாய்க்குப் போவுது. காவலுக்கு மட்டும் எங்க காசா?"

மற்ற இரண்டு தலைவர்களும் மேஜையைத் தட்டினார்கள். அவர்கள் சொல்லத் தயங்கியதை அவள் சொல்லிவிட்டாள். முடிவு எதுவும் எடுக்காமலேயே கூட்டம் கலைந்தது.

வெளியே அவள் கணவன் தருமன் சைக்கிளோடு நின்றிருந்தான். ஊர்த் தொடக்கப்பள்ளி வாத்தியார். சர்க்கார் உத்தியோகஸ்தன் தேர்தலில் நிற்க முடியாது என்பதால்தான் அவளை நிறுத்தினார்கள். நாற்காலியில் அவள் உட்கார்ந்தாலும் பேசுவது வாத்தியாராகத்தான் இருக்கும் என்று ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் பேசியது ஊருக்கு முந்திக்கொண்டு போய்விட்டது. மிகவும் சந்தோஷப்பட்டவர் தருமனின் அண்ணன் ஆதிமூலம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க வூட்டுப் பொண்ணு ரேணுகா டவுன்காரனுங்களுக்கு நல்லாக் குடுத்துச்சு பாத்தியா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மாதம் ஒன்று ஆகியிருக்காது. கார்த்திகை பிறந்து, அண்ணாமலையார் கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. பிரதான ரோட்டில் சிறப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரேணுகாம்பாள் காலையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பாஞ்சாலை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"யக்கா! ஓடை பாலாட்டம் வெள்ளையா வருதுக்கா! வாய் வெச்ச ஆடு அங்கியே சுருண்டு வுழுந்துடுச்சு."

"இன்னாடி சொல்ற? மூச்சு வுட்டுச் சொல்லு."

"மேல ரோட்டுப் பாலத்துல லாரி கவுந்துடுச்சு. டிரைவர் பொழச்சுக்கினான், பஸ்ஸுல ஏத்தி அனுப்பிட்டாங்க. லாரியில இருந்த பீப்பாயெல்லாம் தண்ணியில வுழுந்து ஒடைஞ்சு கெடக்குது. நான் குறுக்கால ஓடியாந்தேன்."

பாஞ்சாலை சொல்லாமலே லாரியில் என்ன வந்தது என்று தெரிந்துவிட்டது. அவள் புடவையில் அந்த வாடை ஏறியிருந்தது. எண்ட்ரின். மணிலாக் கடலைச் செடிக்கும் நெல்லுக்கும் அடிக்கிற பூச்சி மருந்து. ஒரு மூடி குடித்துச் செத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த மருந்து பீப்பாய் கணக்கில் ஓடையில் இறங்கியிருக்கிறது.

பாலத்திலிருந்து ஊர்வரைக்கும் ஓடை வளைந்து நெளிந்து வரும். வெள்ளைத் தண்ணீர் இன்னும் ஊரைத் தொட்டிருக்காது. ஆனால் வந்துகொண்டிருக்கிறது. ஊரைத் தாண்டினால் அடுத்தது கல்லேரிதான்.

ரேணுகாம்பாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தருமனை வெளியே இழுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"சைக்கிள எடுங்க. நேரா கல்லேரி பம்ப் வூட்டுக்குப் போயி மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. அப்பிடியே நகராட்சிக்குப் போங்க."

"நீ இன்னா பண்ணப் போற?"

"அணையை மூடணும்."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணன் வயல்தான முதல்ல இருக்கு" என்றான்.

"தெரியும். நீங்க போங்க."

ஊருக்கு மேற்கே ஓடையின் குறுக்கே பழைய கல்லணை ஒன்று இருந்தது. அதன் இரும்பு ஷட்டரை இறக்கினால் ஓடைத் தண்ணீர் வாய்க்காலில் திரும்பி ஊர்ப் பள்ளத்து நஞ்சைக்குப் போகும். ஏற்றிவிட்டால் நேராகக் கல்லேரிக்குப் போகும். பள்ளத்தில் பாய்ந்த தண்ணீர் அங்கேயே சுவறிப்போகும், ஏரிப் பக்கம் வடியாது. குடிதண்ணீர்க் கிணறு மேட்டுத் தெருவில் இருந்தது, அதற்கும் பயமில்லை. மழை விட்டிருந்ததால் ஓடையில் முழங்கால் ஆழத் தண்ணீர்தான். வாய்க்கால் தாங்கும்.

ஆனால் பள்ளத்தில் சம்பா நெல் பால் பிடித்து நின்றது. ஷட்டரைத் திருகும் கைப்பிடி, பாசனக்காரர்களில் பெரியவர் என்பதால், ஆதிமூலத்தின் வீட்டில்தான் எப்போதும் இருக்கும்.

அவள் போனபோது ஆதிமூலம் வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"மாமா, ஷட்டர் கைப்பிடி வேணும்."

"எதுக்கு?"

"அணையை மூடணும். ஏரிக்குப் போச்சுன்னா டவுன் முழுக்கக் குடிக்கிற தண்ணி மாமா. திருவிழாவுக்கு சனம் வேற வந்து எறங்குது."

"தருமன் போயிருக்கான் இல்ல? மோட்டார நிறுத்திடுவான். அப்பறம் எதுக்கு என் வயலு?"

அவர் கேட்டது நியாயம்தான். அவளே வழியெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"மோட்டார நிறுத்தினா இன்னிக்குத் தப்பிக்கலாம். ஏரியில கலந்துடுச்சுன்னா எப்பிடி எடுக்கறது? வருசம் பூரா நிக்கிற தண்ணி. கரையோரம் இருக்கறவங்க மொண்டு குடிக்கிறாங்க, மாடு குடிக்குது. வயல்ல பாஞ்சா ஒரு போகம் போவும். அதோட முடிஞ்சுடும்."

"ஒரு போகம்! எவ்ளோ லேசா சொல்ற!" ஆதிமூலத்தின் குரல் உயர்ந்தது. "போன மாசம் அத்தன பேர் நடுவுல நீதான சொன்ன? தண்ணி உங்க குழாய்க்குப் போவுதுன்னு? இன்னிக்கு அந்தக் குழாய்க்காக என் வவுத்துல அடிக்கிறியா?"

கூட்டத்தில் யாரோ, "அவரு சொல்றதும் சரிதான" என்றார்கள்.

"எங்க நெலமும் அங்கதான் மாமா இருக்கு. கடைசி மடையில."

"உனக்கு மாசம் பொறந்தா வாத்தியார் சம்பளம் வருது. எனக்கு யார் குடுக்கறது? டவுன்காரன் குடுப்பானா?"

குடுப்பான் என்று சொல்ல அவளால் முடியாது. குடுக்க மாட்டான் என்றும் தெரியாது. ஓடைப் பக்கம் போயிருந்த ஒருவன் திரும்பி ஓடி வந்து, ஈச்சமரத்து வளைவுவரைக்கும் வெள்ளை வந்துவிட்டது என்று கத்தினான். அந்த வளைவிலிருந்து அணைக்கு அதிக தூரமில்லை. ரேணுகாம்பாள் கையைக் கூப்பினாள்.

"மாமா, நான் உங்கள மீறிப் பண்ணணும்னு வரல. ஆனா கைப்பிடி குடுக்கலன்னா கடப்பாரையால ஷட்டர ஒடைச்சு எறக்கிடுவேன். அப்பறம் அதத் திரும்ப ஏத்த முடியாது. வெசம் பூரா முடிஞ்சாலும் வயல்லயேதான் பாயும்."

ஆதிமூலம் அவளை அடிக்கப் போவதுபோல ஓரடி முன்னால் வந்தார். அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி பச்சையம்மாள் வந்தாள். இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல அந்தக் கனமான இரும்புக் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு வந்து, புருஷனுக்கும் ஓரகத்திக்கும் நடுவில் தரையில் போட்டாள். சத்தத்தில் எல்லாரும் அடங்கினார்கள்.

"சரசு அங்கதான் இருக்கா" என்றாள் பச்சையம்மாள். "பச்சப் புள்ளைக்குப் பால் கரைக்கிற தண்ணி, அந்தக் குழாய்த் தண்ணிதான்."

சரசு அவர்களுடைய மகள். திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ரேணுகாம்பாளுக்கு அது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லிக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆதிமூலம் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரேணுகாம்பாள் குனிந்து அதை எடுக்கப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாத. என் வயல்ல வெசத்த வேற எவனும் வுட வேணாம். நானே வுடறேன்."

கைப்பிடியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடினார். அந்த வயசில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே ஊர் ஓடியது.

அணைக்குப் போனபோது வெள்ளை கண்ணில் பட்டது. பசேலென்ற நாணல்களுக்கு நடுவில் மோர் கொட்டியதுபோல மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் கெண்டைகளும் கெளுத்திகளும் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி விழுந்தன. வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் கசந்தது. ரேணுகாம்பாள் முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று கத்தினாள். ஏற்கனவே இறங்கியிருந்த இரண்டு பேரைப் பாஞ்சாலை கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆதிமூலம் அணையின் மேல் ஏறிக் கைப்பிடியை மாட்டித் திருகினார். ஷட்டர் நகரவில்லை. மழைக்காலம் முழுவதும் ஏற்றியே வைத்திருந்ததில் மரை துரு ஏறிப்போயிருந்தது. கைப்பிடியில் மார்பை வைத்துத் தள்ளினார். முக்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"மாமா, நானும் வரேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எதிர்ப்பக்கம் நின்று இழுத்தாள். மரை கிறீச்சிட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இரும்புப் பலகை விரல் விரலாக இறங்கியது. பாதி இறங்குவதற்குள் வெள்ளை வந்து அணையில் மோதிவிட்டது. பலகைக்கு அடியில் ஒரு வெள்ளை நாக்கு நீண்டு கீழ் ஓடைக்குள் போனதை அவள் பார்த்தாள்.

"போவுது மாமா, போவுது!"

"பேசாத. இழு."

பலகை அடிக்கல்லில் உட்கார்ந்தபோது இருவருடைய உள்ளங்கையும் கிழிந்திருந்தது. தண்ணீர் அணைக்குப் பின்னால் தேங்கி, தயங்கி, பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பியது. முதல் மடை ஆதிமூலத்தினுடையது. பால் பிடித்த கதிர்களுக்கு அடியில் அந்த வெள்ளை பரவுவதை எல்லாரும் பார்த்தார்கள். வரப்பிலிருந்து ஒரு தவளை எகிறி வயலுக்குள் விழுந்தது. மறுபடி எகிறவில்லை.

ஆதிமூலம் கைப்பிடியைக் கழற்றி அணை மேலேயே வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

அழ அவளுக்கு நேரமில்லை. முந்திக்கொண்டு போன தண்ணீர் கொஞ்சமா ஜாஸ்தியா என்று தெரியாது. தமுக்கடித்துக்கொண்டு ஓடைக் கரையோடு ஆட்களை அனுப்பினாள். மாடு இறக்காதே, தண்ணீர் மொள்ளாதே, செத்த மீனைப் பொறுக்காதே என்று கரையோரக் குடிசைகள்வரைக்கும் சொல்லவைத்தாள். மத்தியானத்துக்குமேல் நகராட்சி ஜீப் வந்தது. சகாதேவன் இறங்கினார். தருமன் சொன்னவுடனே மோட்டாரை நிறுத்திவிட்டதாகவும், ஏரியில் நாலைந்து இடத்தில் தண்ணீர் எடுத்து ஆள் மூலம் மெட்ராஸுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். அணையையும் வாய்க்காலையும் வயலையும் வெகு நேரம் பார்த்தார்.

"ஏரி தப்பிச்சுதா சார்?"

"சோதனை முடிவு வர்ற வரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஓடை வந்து சேர்ற எடத்துல மீன் செத்து மெதக்குது."

அந்த நாட்களை ரேணுகாம்பாள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஏரி கெட்டுப்போயிருந்தால் வயலும் போய் ஏரியும் போனதாகும். டவுனில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெருத்தெருவாக ஊற்றுகிறார்கள், குடத்துக்கு அடிதடி நடக்கிறது என்று தருமன் வந்து சொன்னான். பச்சையம்மாள் ஒரு வண்டி பிடித்துக்கொண்டு போய் மகளையும் பேரனையும் ஊருக்கே கூட்டி வந்துவிட்டாள். பள்ளத்தில் கொக்குகள் செத்து வரப்போரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. விவசாய அதிகாரி வந்து பார்த்துவிட்டு, நெல்லை அறுத்துக் குழியில் போட்டு மூடுங்கள், வைக்கோலை மாட்டுக்குக் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசி மடையில் அவளுடைய நெல்லும் அதோடு சேர்த்தி.

அவள் தெருவில் நடந்தால் பேச்சு நின்றது. டவுன்காரர்களுக்கு விலை போய்விட்டாள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. ஆதிமூலம் அந்தக் கடைக்கே போகவில்லை.

தீபத்துக்கு முதல் நாள் பிற்பகலில் தபால் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போனில் சகாதேவன்.

"அம்மா, முடிவு வந்துடுச்சு. ஓடை வாயில மட்டும்தான் கொஞ்சம் இருக்கு. மோட்டார் பக்கம் சுத்தமா இல்ல. இன்னொரு தடவ எடுத்துப் பாத்துட்டுத் தண்ணி வுடறோம்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். போஸ்ட் மாஸ்டர் அதை வாங்கி வைக்க வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் ஒன்றிய அலுவலகத்தில் மறுபடி கூட்டம். இந்தத் தடவை நகராட்சித் தலைவர் முருகையன் நேரில் வந்திருந்தார். ரேணுகாம்பாளுக்கு ரோஜா மாலை போட்டார். பிறகு எழுந்து பேசினார்.

"இந்த அம்மாவுக்கு எங்க ஊரு கடன்பட்டிருக்கு. அதனால ஓடைக் காவலுக்கு இனிமே ஊர்ப் பஞ்சாயத்துங்க ஒரு பைசா குடுக்க வேணாம். நகராட்சியே முழுச் செலவும் பாத்துக்கும். எங்க ஆளுங்களே வந்து காவல் காப்பாங்க. ஓடை ரெண்டு கரையிலயும் கம்பி வேலி போட்டுடறோம். அணை ஷட்டருக்கும் நாங்களே பூட்டுப் போட்டுக்கறோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். மற்ற இரண்டு தலைவர்களும் பலமாகத் தட்டினார்கள். ரேணுகாம்பாளும் தட்டப் போனாள். உள்ளங்கைக் காயம் இன்னும் முழுசாக ஆறியிருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வேலி. பூட்டு. அவர்கள் ஆள். அடுத்த தடவை ஷட்டர் இறங்கினால் யாரைக் கேட்டு இறங்கும்?

எழுந்தாள். "முடியாதுங்க" என்றாள்.

முருகையன் சிரித்துவிட்டார். "அன்னிக்குக் குடுக்க முடியாதுன்னீங்க. இன்னிக்குக் குடுக்க வேணாம்னா அதுவும் முடியாதா?"

"எங்க பங்க நாங்க குடுக்கறோம். பத்துல ஒரு பங்குதான் முடியும், அத குடுக்கறோம். குடுக்கலன்னா நாளைக்கு எங்க ஓடைய பத்திப் பேச எங்களுக்கே வாய் இருக்காது. வேலி வேணாம். காவலுக்கு ஒரு ஆள் உங்க ஆளு, ஒரு ஆள் எங்க ஊர் ஆளு. ஷட்டர் கைப்பிடி எங்க ஊர்லயே இருக்கும்."

"சரிம்மா, அது—"

"இன்னும் முடிக்கலைங்க. இந்த மாதிரி இன்னொரு தடவ வந்து அணையை மூட வேண்டி வந்தா, யார் வயல் போவுதோ அவங்களுக்கு அந்த வருச வெள்ளாமைக்கு ஈடு குடுக்கணும். நகராட்சி, ஒன்றியம், மூணு ஊரு, எல்லாரும் பங்கு போட்டு. தண்ணி எத்தினி பேருக்கோ, நட்டமும் அத்தினி பேருக்கு. இந்த வருசத்துலேர்ந்தே."

கூட்டம் சாயங்காலம்வரை போனது. முருகையன் ஒருமுறை கோபமாக எழுந்து வெளியே போய்விட்டார். சகாதேவன்தான் போய்ச் சமாதானம் பேசி அழைத்து வந்தார். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள், ஈட்டில் மட்டும் பாதிதான் என்றார்கள். அதற்குமேல் ஒரு அடிகூட நகர மாட்டேன் என்று முருகையன் சொல்லிவிட்டார். அவள் வாங்கிக்கொண்டாள். ஊர்ப்பக்கக் காவலுக்குப் பாஞ்சாலையின் பெயரைச் சொன்னபோது, "பொம்பளயா?" என்று ஒருவர் கேட்டார். "ஓடை கெட்டுச்சுன்னு வந்து சொன்னது அவதாங்க. வேற யார் வந்து சொன்னாங்க?" என்றாள்.

ஈட்டுப் பணம் வந்தபோது பாசனக்காரர்கள் எல்லாரும் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆதிமூலம் மட்டும் வரவில்லை. பச்சையம்மாள் வந்து கை நாட்டு வைத்து வாங்கிக்கொண்டாள். "அவரு இன்னும் சாப்பிடறப்ப பள்ளத்துப் பக்கமாப் பாத்துக்கினே உக்காந்திருக்காரு ரேணுகா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத" என்றாள்.

ஆதிமூலம் அந்த வருஷம் முழுவதும் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த ஆவணியில் நாற்று விடுவதற்கு முன்னால், பள்ளத்து மண்ணில் இனிப் பயிர் வைக்கலாம் என்று சோதனை முடிவு வந்திருந்த நாளில், பஞ்சாயத்துக் கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்து நின்றார்.

"தலைவரம்மா" என்றார். அதுநாள்வரை அவளை அவர் ரேணுகா என்றுதான் கூப்பிட்டிருந்தார். "பள்ளத்துக்கு எப்ப தண்ணி வுடலாம்னு சொல்லுங்க. நான் ஷட்டர் மரைக்கு எண்ணெய் போட்டு வெச்சுட்டேன்."

அவர் குரலில் கோபம் இருந்ததா, மரியாதை இருந்ததா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

"வர்ற வெள்ளிக்கெழம வுடலாங்க" என்றாள்.